பிள்ளையை 'இன்டர்நேஷனல்' பள்ளியில் சேர்ப்பது: மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொங்கல் கழிந்ததும் ரிங் ரோடு நெடுகிலும் 'சேர்க்கை நடைபெறுகிறது' தட்டிகள் எழுந்துவிடும். அழகர்கோவில் சாலை, நத்தம் சாலை, ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளியின் பெயரில் 'இன்டர்நேஷனல்', 'குளோபல்', 'வேர்ல்டு' என்ற மூன்றில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தனியார் பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். இப்போது உறவுக்காரர்கள், அக்கம்பக்கத்தார் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்ப உதவுகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிட்டால் தொலைபேசியில் தொண்டை வற்றாது.

பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று போட்டிருக்கிறார்களே, அது வெளிநாட்டுப் பாடத்திட்டம்தானே?

அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். நம் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தாங்கி நிற்கும் பள்ளிகளில் பல சிபிஎஸ்இ பள்ளிகள். சிபிஎஸ்இ நல்ல பாடத்திட்டம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பலகையைப் பார்த்து கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்று நினைத்துக்கொண்டு அதற்குரிய கட்டணத்தைக் கட்டுவதில்தான் சிக்கல்.

அலுவலகத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பத்தாம் வகுப்பில் என் பிள்ளை யார் நடத்தும் தேர்வை எழுதுவான்? பன்னிரண்டில்?" இதற்கு ஒரே வரியில் பதில் வர வேண்டும். "உலகத்தரத்தில் எங்களுடைய சொந்தப் பாடத்திட்டம்" என்று ஆரம்பித்தால் அதே கேள்வியை இன்னொரு முறை பொறுமையாகக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பு வரையிலோ எட்டாம் வகுப்பு வரையிலோ கேம்பிரிட்ஜ் புத்தகங்களைப் பயன்படுத்தி, அதன்பின் சிபிஎஸ்இக்கு மாறும் பள்ளிகளும் உண்டு. மாற்றம் எந்த வகுப்பில், யாருக்கு விருப்பம், யாருக்குக் கட்டாயம் என்பதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

சொன்னதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. சிபிஎஸ்இ பள்ளி ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண் உண்டு. வாரியத்தின் தளத்தில் அதை இட்டுப் பார்த்தால் எந்த வகுப்பு வரை அனுமதி என்பது தெரியும். பத்து வரை மட்டும் அனுமதி என்றால் பதினொன்றுக்கு வேறு வாசல் தேட வேண்டும். கட்டட உறுதி, தீயணைப்புத் துறைச் சான்று, ஆசிரியர் விவரம், தேர்ச்சி விவரம் ஆகியவற்றைப் பள்ளியின் சொந்தத் தளத்தில் கட்டாயம் வெளியிட வேண்டும் என்றும் சிபிஎஸ்இ விதித்திருக்கிறது. அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பாதி சுட்டிகள் வேலை செய்யாவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். கேம்பிரிட்ஜும், இன்னொரு வெளிநாட்டுப் பாடத்திட்டமான ஐபியும் தங்கள் பள்ளிகளின் பட்டியலைத் தளத்தில் வைத்திருக்கின்றன. ஐபியில் 'வேட்பாளர் பள்ளி' என்று ஒரு நிலை உண்டு. விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள், அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். "அடுத்த மாதம் வந்துவிடும்" என்ற வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ, கேம்பிரிட்ஜ், ஐபி: நான்கையும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சிபிஎஸ்இ மத்திய அரசின் கீழ் இயங்கும் வாரியம். பெரும்பாலும் என்சிஇஆர்டி என்ற மத்திய அரசு அமைப்பு வெளியிடும் புத்தகங்கள். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட், பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ இரண்டுக்கும் நேரான சாலை. ஐசிஎஸ்இ என்பது ஒரு தனியார் கவுன்சில் நடத்தும் பத்தாம் வகுப்புத் தேர்வு. பன்னிரண்டில் அதன் பெயர் ஐஎஸ்சி. ஆங்கிலத்துக்கு அழுத்தம் அதிகம்.

கேம்பிரிட்ஜ், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேர்வு அமைப்பு. பத்தாம் வகுப்புக்கு இணையானது ஐஜிசிஎஸ்இ. 1988-ல் முதல் தேர்வு நடந்தது. பன்னிரண்டுக்கு இணையானது ஏ லெவல். பாடம் பாடமாகத் தேர்ந்தெடுக்கலாம், தேர்வுக் கட்டணமும் பாடம் பாடமாகத்தான்.

ஐபி என்பது 'இன்டர்நேஷனல் பாக்கலோரியட்' என்பதன் சுருக்கம். 1968-ல் ஜெனீவாவில் தொடங்கியது. தொடக்கக் கல்வி, நடுநிலை, டிப்ளமோ என்று மூன்று படிகள். டிப்ளமோவில் ஆறு பாடங்கள். பாடத்துக்கு 7 புள்ளி, மொத்தம் 42. இவற்றோடு 4,000 சொல் வரை நீளும் ஓர் ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு என்ற பாடம் இரண்டுக்குமாக 3 புள்ளி சேர்ந்து 45. சமூகப் பணியும் விளையாட்டும் கணக்கில் வரும். தானே உட்கார்ந்து படித்து, தானே எழுதிப் பழகும் பிள்ளைக்கு இது விருந்து. கடைசி மூன்று மாதம் உட்கார்ந்து மனப்பாடம் செய்து ஜெயிக்கும் பிள்ளைக்கு அவ்வளவாக ஒத்துவராது. அந்தப் பிள்ளையும் கெட்டிக்காரப் பிள்ளைதான்.

நாளைக்கு நீட் எழுத வேண்டும், அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்குப் போக வேண்டும் என்றால் கேம்பிரிட்ஜும் ஐபியும் தடையா?

சட்டப்படி தடை இல்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஐபி டிப்ளமோவையும் ஏ லெவலையும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக ஏற்கிறது. ஆனால் நடைமுறையில் இடறும் இடங்கள் நான்கு உண்டு. எல்.கே.ஜி. சேர்க்கையின்போதே இவற்றைச் சொல்லிவிடுவது என் வழக்கம். பதினைந்து ஆண்டு கழித்து வரப்போவதை இப்போது எதற்கு என்று சிலர் சிரிப்பார்கள்.

முதலாவது, பாடங்கள். ஏ லெவலில் மூன்று பாடங்கள் எடுப்பது வழக்கம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு அது போதும். ஜேஇஇ மெயின் எழுதுவதற்கோ பன்னிரண்டில் குறைந்தது ஐந்து பாடங்கள் வேண்டும். நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் பார்க்கப்படும். ஏ லெவலில் ஆங்கிலத்தை விட்டுவிடும் பிள்ளைகள் அதிகம் என்பதால், பதினொன்றாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கே தகுதி விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நாள்காட்டி. ஐபியின் எழுத்துத் தேர்வுகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை போகும். நீட் 2024-ல் மே 5, 2025-ல் மே 4. இரண்டு பெரிய தேர்வுகளைப் பிள்ளை ஒரே மூச்சில் எழுத வேண்டியிருக்கும். ஐபி முடிவு ஜூலை முதல் வாரத்தில் வரும். பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு அதற்கு முன்பே மே, ஜூனில் நடந்துவிடும். கேம்பிரிட்ஜின் ஜூன் பருவத் தேர்வுக்கு முடிவு ஆகஸ்டில்தான். இந்தியாவுக்காக மார்ச் பருவம் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதன் முடிவு மே மாதத்திலேயே கிடைத்துவிடும். ஆகவே கேம்பிரிட்ஜ் பள்ளியில், "ஏ லெவலை மார்ச்சில் எழுத வைப்பீர்களா, ஜூனிலா?" என்று கேளுங்கள். விவரம் தெரிந்த ஒருங்கிணைப்பாளர் என்றால் இந்தக் கேள்வியிலேயே உங்களை மதிப்பார்.

மூன்றாவது, மதிப்பெண். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் பிற வாரிய மாணவர்களின் மதிப்பெண்ணை மாநில வாரியத்தோடு சமன்படுத்தி, அதன் பிறகே தரவரிசை போடுகிறார்கள். ஏ, பி என்று எழுத்தில் தரும் தரத்தை மதிப்பெண்ணாக மாற்றித் தரும் சான்றைப் பள்ளி எப்படி வாங்கித் தருகிறது என்று மூத்த மாணவரின் பெற்றோரிடம் விசாரியுங்கள்.

நான்காவது, பயிற்சி. நீட் கேள்விகள் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டி வருபவை. கேம்பிரிட்ஜ் பிள்ளைக்கு உயிரியல் நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனால் நான்கு விடையில் ஒன்றைச் சட்டென்று குறிக்கும் பழக்கம் இருக்காது. தனிப் பயிற்சி மையம் தவிர்க்க முடியாததாகிவிடும், செலவும் கூடும்.

பிள்ளை மருத்துவம்தான் படிக்கப் போகிறது என்று வீட்டில் ஏறக்குறைய முடிவாகியிருந்தால், நல்ல சிபிஎஸ்இ பள்ளியோ நல்ல மாநிலப் பாடத்திட்டப் பள்ளியோ போதும் என்பேன். வெளிநாட்டில் இளநிலைப் பட்டம், வடிவமைப்பு, பொருளாதாரம், தனியார் பல்கலைக்கழகங்கள் என்று எண்ணம் ஓடினால் கேம்பிரிட்ஜுக்கும் ஐபிக்கும் கொடுக்கும் பணத்துக்குப் பொருள் உண்டு.

கொடைக்கானலில் விடுதியோடு சேர்த்துவிடலாமா?

கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி 1901-ல் தொடங்கியது. 1976-லிருந்து ஐபி டிப்ளமோ நடத்துகிறது. இந்தியாவில் அதை முதலில் கொண்டுவந்த பள்ளி அதுதான். நமக்குப் பக்கத்து மலையில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அனுப்பாதீர்கள். விடுதி வாழ்க்கையைப் பிள்ளை விரும்புகிறதா என்று பிள்ளையிடமே கேளுங்கள். பத்து வயதுக்குக் கீழ் என்றால் நான் யோசிப்பேன்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

பெயர் பெற்ற பள்ளிகள் அக்டோபர், நவம்பரிலேயே அடுத்த ஆண்டுக்கான படிவத்தைத் திறந்துவிடும். எல்.கே.ஜி. இடம் பொங்கலுக்குள் பெரும்பாலும் நிரம்பிவிடும். மற்ற வகுப்புகளில் யாராவது டி.சி. வாங்கிப் போனால்தான் இடம். அது ஏப்ரல், மே மாதங்களில் தெரியவரும். விஜயதசமியன்று அரிசியில் எழுத வைத்துச் சேர்க்க ஆசைப்படுவோர் உண்டு. சில பள்ளிகள் அன்று மழலையர் வகுப்பில் சேர்த்தும் கொள்கின்றன. மற்றபடி, "இன்று மாலைக்குள் கட்டினால் தள்ளுபடி" என்று சொல்லும் பள்ளியில் இடம் நிறையவே காலியாக இருக்கிறது என்று பொருள்.

வயது எவ்வளவு ஆகியிருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று எல்.கே.ஜி.க்கு 3, ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் மார்ச் 31 அன்று 6 நிறைந்தவர்களைத்தான் சேர்க்கின்றன. இரண்டுக்கும் நடுவில் தனியார் பள்ளிகள் ஆளுக்கொரு தேதி வைத்திருக்கின்றன. இரண்டு மாதம் குறைகிறதே என்று பிறந்த தேதியில் கை வைக்க நினைக்கும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு வருடம் தாமதமாகச் சேர்ந்த பிள்ளை எதையும் இழப்பதில்லை.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் ஆதார், பெற்றோரின் ஆதார், தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று, புகைப்படங்கள், தேவைப்பட்டால் சாதிச் சான்றிதழ். வேறு பள்ளியிலிருந்து வந்தால் டி.சி., முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண் அட்டை, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்). சில கேம்பிரிட்ஜ், ஐபி பள்ளிகள் பாஸ்போர்ட்டும் கேட்கும்.

பட்டியல் எளிது. பெயரில்தான் வினை. நம் வீடுகளில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பன்னாட்டுப் பள்ளியின் படிவத்திலோ 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். முத்துக்குமாரின் மகள் யாழினி என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் 'யாழினி' மட்டும். ஆதாரில் 'யாழினி மு'. படிவத்தில் அப்பா அவசரத்தில் எழுதியது 'முத்துக்குமார் யாழினி'. பாஸ்போர்ட்டில் 'யாழினி முத்துக்குமார்'. நான்கும் ஒரே குழந்தை என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பள்ளி அனுப்பும் பெயர்தான் ஐஜிசிஎஸ்இ சான்றிதழில் அச்சாகும். பதினெட்டு வயதில் விசாவுக்குப் போய் நிற்கும்போது, சான்றிதழ் ஒரு பெயரும் பாஸ்போர்ட் ஒரு பெயரும் காட்டினால் பிரமாணப் பத்திரம், நோட்டரி, அரசிதழ் என்று அலைச்சல் தொடங்கும்.

ஆகவே முதலில் பாஸ்போர்ட்டில் எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒத்துப்போகும்படி செய்துகொள்ளுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா தர மறுத்தது நினைவிருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறாமல் 'ஆண் குழந்தை' என்று நிற்கிறது என்றால் 15 ஆண்டு வரை கட்டணம் செலுத்திப் பெயரைப் பதிவு செய்யலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை அந்தச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம் என்று சட்டம் மாறிவிட்டதால், இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு உண்டா? எங்களுக்கும் நேர்முகமாமே, எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 13-ம் பிரிவில், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் முறை எதுவும் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். எனவே எந்தப் பள்ளியும் இதைத் தேர்வு என்று சொல்லாது. 'கலந்துரையாடல்' என்று சொல்லும். 6 முதல் 14 வயது வரை என்பது அந்தச் சட்டத்தின் எல்லை. ஒன்பது, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் ஆங்கிலமும் கணக்கும் எழுத வைத்துப் பார்ப்பது பரவலான நடைமுறை.

சிறு பிள்ளைகளுக்கு நடப்பது என்னவென்றால், ஒரு குட்டி நாற்காலி, மேசையில் வண்ணக் கட்டைகள், எதிரில் சிரித்த முகத்தோடு ஓர் ஆசிரியை. ஊதாக் கட்டையை எடுத்துக் காட்டி "என்ன கலர்?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். பிள்ளை "கத்திரிப்பூ" என்று சொல்லும். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம் வெளுக்கும், உதடு 'பர்பிள், பர்பிள்' என்று அசையும். ஆசிரியையின் தாளிலோ 'நிறம் தெரிகிறது, தயக்கமின்றிப் பேசுகிறது' என்று இரண்டு குறி விழுந்திருக்கும். விவரம் தெரிந்த ஆசிரியை பார்ப்பது அதைத்தான். மூன்று வயதுக்கு மூன்று மாதம் பயிற்சி வகுப்பு என்று வெளியில் வாங்கும் காசு வீண்.

பெற்றோரிடம் ஏன் இந்தப் பள்ளி, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், பிள்ளைக்கு ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்பார்கள். தமிழில் பதில் சொல்லுங்கள். தமிழில் சொன்னதற்காக மதுரையில் உங்களை ஏளனமாகப் பார்க்கும் பள்ளி என்றால், அங்கே உங்கள் பிள்ளை பதினான்கு ஆண்டு எப்படி நடத்தப்படும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பேச்சு தாமதமாக வரும் பிள்ளை, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிறப்பு ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள், அதற்குத் தனிக் கட்டணமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கட்டணம் எவ்வளவு ஆகும்?

பள்ளிக்குப் பள்ளி மாறும். நான் எண் சொன்னால் அடுத்த ஜூனில் அது பொய்யாகிவிடும். கட்டணத் தாளில் எதையெல்லாம் தேட வேண்டும் என்று சொல்கிறேன். விண்ணப்பக் கட்டணம், ஒருமுறை சேர்க்கைக் கட்டணம், திரும்பக் கிடைக்கும் காப்புத் தொகை, பருவக் கட்டணம், பஸ், புத்தகம், சீருடை, மதிய உணவு, சுற்றுலா. பெரிய வகுப்பில் கேம்பிரிட்ஜ் அல்லது ஐபி தேர்வுக் கட்டணம் தனியாக வரும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இவற்றில் ஒன்று மட்டுமே.

பெரும்பாலோர் முதல் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்து, சமாளித்துவிடலாம் என்கிறார்கள். கணக்கு இப்படி: எல்லாம் சேர்த்து எல்.கே.ஜி.யில் ஆண்டுக்கு 1 லட்சம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால் பன்னிரண்டாம் வகுப்பில் அது ஏறத்தாழ 3.45 லட்சம். பதினான்கு ஆண்டுக்கும் கூட்டினால் ஏறத்தாழ 28 லட்சம். இரண்டு பிள்ளைகள் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் கட்டணத் தாள்களைக் கேட்டு வாங்கினால் ஏற்றத்தின் போக்கு பிடிபட்டுவிடும். நகையை அடகு வைத்து முதல் பருவம் கட்டுகிற நிலை என்றால், அந்தப் பள்ளி உங்கள் வீட்டுக்கு ஏற்ற பள்ளி இல்லை. கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-ல் ஒரு சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. "குழு நிர்ணயித்த கட்டண ஆணையைக் காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கு 1.5 லட்சம் என்ற மொத்த உச்சவரம்புக்குள் கழிவு கிடைக்கும். பஸ், நன்கொடை எல்லாம் அதில் வராது. ரசீதில் கல்விக் கட்டணம் தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

ரசீது இல்லாமல் 'கட்டட நிதி' கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். கட்டாய நன்கொடை சட்டத்துக்குப் புறம்பானது. கல்வி உரிமைச் சட்டப்படி வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமோ முதன்மைக் கல்வி அலுவலரிடமோ எழுத்தில் புகார் கொடுக்கலாம். இடம் வாங்கித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகருக்கும் இதே பதில்தான்.

25 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைக்குமா?

சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 சதவீத இடங்கள் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு உரியவை. நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. விண்ணப்பம் கூடினால் குலுக்கல். எட்டாம் வகுப்பு வரை கட்டணத்தை அரசு ஏற்கும். ஊருக்கு வெளியே வயல் நடுவில் கட்டிய பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் எத்தனை வீடு இருக்கும் என்பது வேறு கதை. அறிவிப்பு வரும்போது அரசுத் தளத்தில் உங்கள் பகுதிப் பட்டியலைப் பாருங்கள்.

அங்கே சேர்த்தால் தமிழ் போய்விடுமே?

போகக் கூடாது என்பதற்குத்தான் 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 2014-ல் பிறப்பித்த அரசாணை பிற வாரியப் பள்ளிகளுக்கும் அதை விரித்தது. 2015-16-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்து வரை வந்தாயிற்று. சட்டம் இருக்கிறது, வகுப்பில் நடப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தமிழ் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். சொல்வதெழுதுதல் இருக்கிறதா, சொந்தமாக நான்கு வரி எழுதியிருக்கிறதா, கோடிட்ட இடத்தை நிரப்பியதோடு சரியா? தமிழ் ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை என்று கேளுங்கள். திருமலை நாயக்கர் மகாலுக்குச் சுற்றுலா கூட்டிப் போகிறோம் என்பது இதற்குப் பதில் ஆகாது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நீச்சல் குளத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கழிப்பறை, அதுவும் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பது இல்லை, நான்காம் வகுப்பு மாடியில் இருப்பது. அடுத்து ஆசிரியர்கள். போன ஆண்டு இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள்? கேம்பிரிட்ஜ், ஐபி பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர் கோவைக்கோ பெங்களூருக்கோ வேலை மாறிப் போனால் நடு ஆண்டில் பாடம் திண்டாடும். இந்தக் கேள்விக்கு வரவேற்பறையில் பதில் கிடைக்காது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் பேச்சுக் கொடுங்கள், கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

பிறகு பஸ். திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ வரும் பிள்ளை காலை ஆறரைக்கு ஏறினால் மாலை ஐந்துக்கு மேல்தான் வீடு. கோரிப்பாளையத்திலும் பழங்காநத்தத்திலும் நின்று நகரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி சொல்லும் நேரத்தை விட்டுவிட்டு, ஒரு நாள் காலையில் உங்கள் வண்டியில் அந்த பஸ்ஸின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். பள்ளி வாகனங்களுக்கென்று 2012-ல் தனி விதிகள் வந்தன. உதவியாளர், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் கட்டாயம். ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஆய்வு செய்யும். நல்ல பள்ளி, சுமாரான பள்ளி இரண்டுக்கும் நடுவில் பயணம் ஒன்றேகால் மணி நேரம் வேறுபட்டால், ஐந்தாம் வகுப்பு வரையாவது பக்கத்தில் இருப்பதையே நான் சொல்வேன்.

மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து நடுவில் மாற்றலாமா?

ஆறாம் வகுப்பு நல்ல நேரம். ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதும் பழக்கத்துக்கு ஓர் ஆண்டு பிடிக்கும், அதுவரை மதிப்பெண் குறையும், வீட்டில் கூச்சல் போடாதீர்கள். ஒன்பதிலும் சேரலாம், ஐஜிசிஎஸ்இ இரண்டு ஆண்டுப் படிப்பு என்பதால் அதுதான் அதன் தொடக்கம். பத்திலும் பன்னிரண்டிலும் வேண்டாம். சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியப் பதிவு நடந்துவிடும். பத்து, பன்னிரண்டில் நேரடிச் சேர்க்கைக்கு வாரியத்தின் அனுமதி வேண்டும்.

துபாயிலிருந்து திரும்பி வருகிறோம். வேறு என்ன பார்க்க வேண்டும்?

அங்கே சிபிஎஸ்இ படித்திருந்தால் மாற்றம் எளிது. வேறு பாடத்திட்டம் என்றால் டி.சி.க்கு அந்நாட்டுக் கல்வித் துறையின் சான்றொப்பம் வேண்டுமா என்று புறப்படுவதற்கு முன்பே விசாரித்து முடித்துவிடுங்கள். மதுரைக்கு வந்தபின் அதைச் செய்வது பெரும்பாடு. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் உள்ளூர்க்காரராகக் கருதப்பட, பொறியியலுக்கு எட்டு முதலும் மருத்துவத்துக்கு ஆறு முதலும் பன்னிரண்டு வரை இங்கே படித்திருந்தால் இருப்பிடச் சான்று பிரச்சினை எழாது. இல்லையென்றால் சான்று வாங்க வேண்டும். பிள்ளை வெளிநாட்டுக் குடியுரிமை உடையவராக இருந்து 2021 மார்ச் 4-க்குப் பிறகு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) பெற்றவர் என்றால், மருத்துவ, பொறியியல் சேர்க்கையில் என்ஆர்ஐ இடங்களுக்கு மட்டுமே போட்டியிட முடியும். பள்ளிச் சேர்க்கையின்போது இதை யாரும் சொல்வதில்லை.

ஓர் ஆண்டு கழித்து ஒத்துவரவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? பழையபடி மாற்றலாமா?

காப்புத் தொகை கிடைக்கும். சேர்க்கைக் கட்டணம் பெரும்பாலும் கிடைக்காது. எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சேர்க்கை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு பருவம் முன்னதாகச் சொல்லாவிட்டால் காப்புத் தொகையே கழிந்துபோகும் என்று எழுதியிருக்கும் பள்ளிகளும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

மாற்றுவதில் சட்டச் சிக்கல் இல்லை. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ போனால் டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. தனியார் பள்ளிக்கு மாறுவதானால், பழைய பள்ளி எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்ததா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். விடுவிக்காதவரை புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியாது. டி.சி.யைக் கையில் வாங்கியதும் பிறந்த தேதி, பெயர், முதலெழுத்து மூன்றையும் அந்த மேசை முன்னால் நின்றே சரிபாருங்கள். எழுத்தர் அப்போதென்றால் உடனே திருத்தித் தருவார். நாளைக்குப் போனால் மனு எழுதச் சொல்வார்.